கம்பு அரிசி சூடா இருக்கா

சார்ஜாவில் நான் வேலை செய்யும் குளிர்க் கிடங்கில் பேச்சு கண்ணுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வரும். அந்தப் புகைதான் வார்த்தை. உறைந்த கோழி, மீன், பட்டாணி என்று அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவில் நின்று "இந்தப் பக்கம் தள்ளு" என்று சொன்னால், சொன்னது கொஞ்ச நேரம் முகத்துக்கு முன்னால் மிதந்துவிட்டுப் பெட்டிகளுக்கு இடையில் போய்க் கரையும். வந்த புதிதில் அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. சொன்னது போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே கரைந்துவிட்டதா?

இப்போது அதே பயம் போனில். தடித்த கையுறை போட்ட விரலால் தமிழைத் தட்ட முடியாது, கழற்றினால் விரல் மரத்துவிடும். மைக்கை அழுத்திவிட்டுப் பேசுவேன், போன் கேட்டு எழுதிக்கொள்ளும். குரலையே அனுப்பிவிடலாம்தான். ஆனால் எங்கள் அப்பா கண்ணாயிரத்துக்குக் காது மந்தம். கம்மாபுரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பாதி ஆயுள் நின்றவர். பாப்பா வீறிட்டால் கேட்கும். போனில் வரும் பேச்சு புரியாது. படிப்பது மட்டும் நன்றாகப் படிப்பார். ஆகவே நான் பேசுவேன், போன் எழுதும், அவர் படிப்பார். படித்துவிட்டுப் பதிலைக் குரலாக அனுப்புவார், இன்னும் மில் ஓடிக்கொண்டிருப்பது போலக் கத்தி.

வீடு கடலூர் முதுநகரில். அம்மா இல்லை. அப்பாவும், என் மனைவி வெண்மதியும், ஐந்து மாதப் பாப்பாவும்தான். வெண்மதிக்குச் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து இந்த மாதம்தான் திரும்பச் சேர்ந்தாள். காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் வருவாள். நடுவில் பாப்பாவுக்கு வேண்டிய தாய்ப்பாலை பம்ப் வைத்து எடுத்து, சின்னச் சின்ன பாக்கெட்டுகளில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போவாள். அப்பா ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, இளகியதும் பாலாடையில் ஊற்றிக் கொடுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே வெண்மதி என்னிடம் சொல்லிவிட்டாள். "இந்தப் பாலு இருக்கறவரைக்கும்தான் மாமா இந்த வேல. இது கெட்டுப்போச்சின்னா எம்புள்ளய பவுடர் பாலுக்கு வுட்டுட்டு நான் போவமாட்டன். எழுதிக் குடுத்துட்டு வந்துருவன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு உதறல். பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "வேலய விடச் சொல்லுவீங்களா?"

ஒரு விடுமுறை நாளில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். தூளியில் பாப்பாவின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. டர்ர்ர், டக், டர்ர்ர்.

"வெண்மதி, அது என்னா சத்தம்?"

"எது?"

"டர்ருங்குதே."

"பக்கத்து வூட்டு மிக்ஸியா இருக்கும்."

"இவ்ளோ நேரமா மிக்ஸி ஓடும்? ஃப்ரிட்ஜு அது."

"அதுவா? அது ரொம்ப நாளா அப்டித்தான் மாமா. இப்பல்லாம் அது இல்லன்னா பாப்பாவே தூங்கறதில்ல. உங்களுக்குப் பயம் ஜாஸ்தி."

பயம் ஜாஸ்திதான். நாள் முழுக்கக் குளிர் இயந்திரங்களின் இரைச்சலுக்குள் நிற்கிறவன் நான். அங்கே சத்தம் ஒரு சுருதி மாறினால் எல்லோரும் தலையைத் தூக்குவோம். அன்றைக்குத் தூக்கத்தில் எங்கள் ஃப்ரிட்ஜ் உப்பங்கழியில் மல்லாந்து மிதந்து போனது. கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. வெண்மதி அதில் உட்கார்ந்து கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனாள். "எங்க போற?" என்றேன். என் வாயிலிருந்து புகைதான் வந்தது.

மறுநாள் இடைவேளையில் கிடங்கின் முன்னறையில் நின்று அப்பாவுக்குப் பேசினேன். முதுகுக்குப் பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நான் கேட்டது, "கம்ப்ரசர் சூடா இருக்கா?" என்று.

அப்பாவின் பதில் வந்தது. "டேய் சேரா! நம்ம வூட்ல கம்பு அரிசி ஏதுடா? காலையில வடிச்ச சோறுதான் கெடக்கு. அதுவும் ஆறிப்போச்சி!"

மேலே பார்த்தேன். 'கம்பு அரிசி சூடா இருக்கா' என்று போயிருந்தது.

"கம்பு அரிசி இல்லப்பா. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி அடியில கறுப்பா உருண்டையா ஒண்ணு இருக்கும். பின்னாடி கைய வச்சிப் பாரு. ஃபேன் ஓடுதான்னும் பாரு."

போனது இது: 'ஃப்ரிட்ஜுக்கு கண்ணாடி அடியில கறுப்பா உருண்டையா ஒண்ணு இருக்கும். கண்ணாடி கைய வச்சி பாரு. பேன் ஓடுதான்னும் பாரு.'

"கண்ணாடியத் தொடச்சிப் போட்டுக்கிட்டே பாத்துட்டன்டா! பாப்பா தலையில பேனு கீனு ஒண்ணும் ஓடல. அஞ்சு மாசப் புள்ளைக்கு ஏதுடா பேனு? வெண்மதி தலையில ஓடுதான்னா அது எனக்குத் தெரியாது, நீயே கேட்டுக்க!"

அதற்குள் வெண்மதியிடமிருந்தும் ஒன்று வந்திருந்தது. நான் மைக்கை அணைக்காமல் போனை ஒரு பெட்டி மேல் வைத்திருக்கிறேன். இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டு போன் அதையும் எழுதியிருக்கிறது: 'மா மா மா மாமா மா மா.' எடுக்கும்போது கையுறை பட்டு அவளுக்குப் போய்விட்டது.

"நான்தான உங்கள மாமான்னு கூப்பிடணும்?" என்று கேட்டிருந்தாள். "நீங்க என்னாத்துக்கு என்னக் கூப்பிடுறீங்க?"

நான் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றி அத்தனை பெரிய கிடங்கும் இதைத்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததா?

இந்த எழுத்து வேலைக்கு ஆகாது என்று வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டேன். கையால் ஜாடை காட்டினேன். அவர் போனை அரிசிப் பானை மேல் சாய்த்துவிட்டு, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். எனக்குச் சத்தம் கேட்கிறது, கை இல்லை. அவருக்குக் கை இருக்கிறது, சத்தம் கேட்கவில்லை. அவர் உள்ளங்கை ஓர் இடத்தில் பட்டதும் டர்ர் நின்றது.

"அங்கதான்! அங்கயே வை!" என்று கத்தினேன். அவருக்கு எங்கே கேட்கும்? கை நகர்ந்தது, டர்ர் மறுபடி வந்தது. பேசி எழுத்தாக அனுப்பினால், அவர் கண்ணாடியைத் தேடிப் படிப்பதற்குள் கை அரை அடி தள்ளிப் போயிருந்தது. கடைசியில் நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன், ரயிலை நிறுத்துகிறவன் மாதிரி. அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். உள்ளங்கைக்கு அடியில், தண்ணீர் சொட்டிச் சேரும் பிளாஸ்டிக் தட்டு.

"இதுவாடா? இது புறாவாட்டம் துடிக்கிது!"

ஓர் அட்டையை மடித்துத் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினார். வீடு அமைதியாகிவிட்டது. தூரத்தில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போகும் குரல்கூட எனக்குக் கேட்டது.

இடைவேளை முடிகிற மணி அடித்தது. கிடங்கில் முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: காற்று வரும் வாயில் பெட்டியை அடுக்காதே. அதையும் அப்பாவுக்குச் சொல்லிவிடலாம் என்று ஓடிக்கொண்டே மைக்கை அழுத்தினேன். "ஃப்ரீசருக்குள்ள பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும்ப்பா. பால் பாக்கெட்ட அந்த ஓட்டைய அடக்காம வை." அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பதில் இருந்தது. "வச்சிட்டன்டா! நல்லா வச்சிட்டன்!"

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மிக அழகாகப் போயிற்று. வெண்மதி பேசும்போது அவள் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர் மாதிரி அமைதி. பாப்பா மட்டும் தூங்க மறுத்தாள். வெண்மதி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு "டர்ர்ர், டர்ர்ர்" என்று தானே சொல்லித் தூங்கவைத்தாள். அந்த டர்ரில் நானும் தூங்கிப்போனேன்.

பிறகு ஒரு மத்தியானம் அப்பாவின் குரல் வந்தது.

"டேய் சேரா! இட்லி மாவு பொங்கி தட்டெல்லாம் வழிஞ்சி ஓடுது. தயிரு புளிச்சிப்போச்சி. ஃப்ரிட்ஜு உள்ளாற வெதுவெதுன்னு கெடக்கு. சத்தமும் இல்ல. எனக்கு எப்பவும் இல்ல, உனக்கு இருக்கான்னு கேளு!"

பெட்டி மேல் உட்கார்ந்தேன். டர்ர் என்பது அதன் மூச்சு. நான்தான் அதை நிறுத்திவிட்டேன் என்று தோன்றியது. மேலே ஃப்ரீசரில் பால் இருக்கிறது. அது இந்நேரம் தண்ணீராகியிருக்கும். வெண்மதி எழுதிக் கொடுக்கப்போகிறாள்.

அவளுக்கும் அப்பா அனுப்பியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவள் நேரே தெற்கு வீதிப் பக்கம் ஆரோக்கியராஜ் கடைக்குப் போய்விட்டாள். ஆரோக்கியராஜ் என் பள்ளிக்கூட சிநேகிதன். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறான். அங்கிருந்தே வீடியோவில் என்னையும் அப்பாவையும் சேர்த்துக் கூப்பிட்டாள். திரையின் ஒரு கட்டத்தில் சிதம்பரம், ஒன்றில் முதுநகர், ஒன்றில் என் முகத்தின் புகை. கடை முழுக்கக் கதவு கழற்றிய ஃப்ரிட்ஜ்கள் நின்றன. அவற்றுக்கு நடுவில் வெண்மதி, வீடு எது என்று தேடி வந்தவள் போல.

"மச்சான், நீ ஐஸுக்குள்ள குடியிருக்க, உன் வூட்டு ஃப்ரிட்ஜு அடுப்பாட்டம் கெடக்காமே?" என்றான் ஆரோக்கியராஜ்.

"வெளயாடாத மச்சான். உள்ள பாலு இருக்கு."

"கேஸ் போயிருக்கும்டா. வேற என்னா? ஆஃப் பண்ணி, எல்லாத்தையும் எடுத்துட்டுக் கதவத் தொறந்து போடச் சொல்லு. சாயங்காலம் வந்து பாக்கறன்."

"ஆஃப் பண்ணா பாலு என்னாண்ணே ஆவும்?" என்றாள் வெண்மதி.

"பக்கத்து வூட்டு ஃப்ரீசர்ல வய்யி தங்கச்சி."

"அவுங்க ஃப்ரீசர்ல சங்கரா மீனு கால நீட்டிப் படுத்துருக்கு. எடம் ஏது?"

"ஆஃப் பண்ணிடலாம் வெண்மதி," என்றேன் நான். "எதுனா வெடிச்சி கிடிச்சி வச்சிடப் போவுது. பாப்பா வேற அங்கதான் இருக்கு."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "கெட்டுருந்தா இந்நேரம் கெட்டுருக்கும் மாமா. ஆஃப் பண்ணா நாமளே கெடுத்த மாதிரி. ஒரு தடவ இளகுனத திரும்ப ஒறய வக்கவும் கூடாது. மொதல்ல பால மட்டும் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

மைக்கை அழுத்தப் போன விரல் நின்றது. கையுறையைக் கழற்றினேன். மரத்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். 'பால் பாக்கெட் தொட்டு பார்.'

படத்தில் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மேல் கதவைத் திறந்தார். கை உள்ளே போயிற்று. வெண்மதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்லுடா!" என்று கத்தினார் அப்பா. "கல்லாட்டம் இருக்கு! கையி ஒட்டிக்கிது!"

வெண்மதி கழற்றிக் கிடந்த ஒரு ஃப்ரிட்ஜ் கதவின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆரோக்கியராஜ் தலையைச் சொறிந்தான்.

"அப்ப கேஸு போவல. கேஸு போயிருந்தா மேலயும் இளகியிருக்கும். கூலிங் மேலயே நிக்கிது, கீழ எறங்கல. ஃப்ரீசருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்குமே, அது வழியாத்தான் காத்து கீழ போவணும். எதுவோ வழிய மறிக்கிது. போன உள்ள காட்டச் சொல்லு."

அப்பா காட்டினார். பின்சுவர் தெரியவில்லை. பால் பாக்கெட்டுகள் செங்கல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக, மேல்வரை கட்டப்பட்டிருந்தன. இடுக்குகளில் வெள்ளைத் துணி திணித்திருந்தது. அப்பாவின் பழைய பனியன். வெண்மதி தினமும் வைக்கும் புதுப் பாக்கெட்டுகள் முன்வரிசையில் நின்றதால் அவள் கண்ணில் இது படவில்லை.

"யோவ் மச்சான், என்னாய்யா இது? கொத்தனாரு வேலயா? சிமெண்டு பூசறதுதான் பாக்கி!" என்றான் ஆரோக்கியராஜ்.

"யாருப்பா இத அடச்சது?" என்று தட்டி அனுப்பினேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரா? நீதான்டா சொன்ன! படிச்சிக் காட்டட்டுமா? 'பால் பாக்கெட்ட அந்த ஓட்டைய அடக்கமா வை.' அடக்கமாத்தான் வச்சிருக்கன். ஒரு எறும்பு பூந்து வரட்டும் பாக்கலாம்!"

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் பெயரில்தான் இருந்தது. அடைக்காமல் என்பதை எங்கள் ஊரில் அடக்காம என்போம். நான் சொன்னது அடக்காம. போன் எழுதியது அடக்கமா. ஒரு துணைக்கால், ஒரே ஓர் எழுத்து தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் குளிர் முழுக்க அடைபட்டுக் கிடந்தது.

முதலில் சிரித்தது வெண்மதி. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று. பிறகு ஆரோக்கியராஜ். படத்தில் எல்லோருடைய வாயும் விரிவதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

"சிரிச்சது போதும்," என்றான் ஆரோக்கியராஜ். "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இறுகிக் கெடக்கு பாரு. புடிச்சி இழுத்தா பாக்கெட்டு கிழிஞ்சிரும். கத்தி விட்டு நெம்பாதீங்க, பின்னாடி பைப்பு போவுது. குத்துச்சின்னா அப்புறம் நெசமாவே கேஸு போய்டும். கொஞ்சம் கொஞ்சமா சூடு காட்டித்தான் எடுக்கணும்."

"அவுரு ஒண்ணும் பண்ண வேணாம்னு எழுதுங்க. நான் போறன்," என்றாள் வெண்மதி. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அதிகாலை ஷிஃப்ட் முடிந்து நான் அறைக்குப் போகும் வண்டியில் இருந்தபோது அவள் பஸ்ஸிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். போனை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். பி.முட்லூர் தாண்டியது. சவுக்குத் தோப்பு ஓடியது. எனக்கு வெளியே மணலும் விளக்குக் கம்பமும் ஓடின. இரண்டு ஜன்னலும் கொஞ்ச தூரம் ஒரே ஜன்னலாக, என் மணல்மேட்டுக்குப் பின்னால் அவளுடைய சவுக்கு எழுந்தது. புதுச்சத்திரத்தில் படம் உறைந்தது. பாதி மூடிய அவள் கண் அப்படியே நின்றது. குரல் மட்டும் வந்தது.

"மாமா."

"சொல்லு."

"எல்லாம் கிழிஞ்சிருச்சின்னா, நெசமாவே எழுதிக் குடுத்துருவன். சும்மா சொல்லல."

"தெரியும்."

"நீங்க எதுவும் சொல்லமாட்டீங்களா?"

"நான் எதச் சொன்னாலும் மாத்தி எழுதிடுது வெண்மதி."

உறைந்த முகம் சிரித்ததா என்று தெரியவில்லை. ஆலப்பாக்கம் வந்ததும் படம் திரும்ப ஓட ஆரம்பித்தபோது அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவைத் தூக்கிப் பால் கொடுத்துவிட்டுத்தான் ஃப்ரீசரைத் திறந்தாள். போன் மறுபடி அரிசிப் பானை மேல். என் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பாக்கெட்டுகளின் இடுக்கில் வைத்தாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். கை விறைத்ததும் அப்பா தன் கையை வைத்தார். அவர் கை விறைத்ததும் அவள். ஃப்ரீசரிலிருந்து வெள்ளைப் புகை இறங்கி அவர்கள் முகத்தைத் தொட்டுவிட்டுத் தரைக்குப் போனது. எங்கள் கிடங்கின் புகை அதுதான். வழி தெரிந்து வீட்டுக்குப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பொட். முதல் பாக்கெட் கழன்றது. வெண்மதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழியவில்லை. முன்பக்கம் ஓரமாக வைத்தாள். பொட். இன்னொன்று. பனியன் விறைத்துப்போய்ப் பலகை மாதிரி வந்தது. அதை அப்பா கையில் வாங்கி, மடிக்கப் பார்த்து, முடியாமல் சுவரில் சாய்த்து வைத்தார். ஒவ்வொரு பொட்டுக்கும் எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணினால் நின்றுவிடும் போலிருந்தது.

ஓட்டையை ஒட்டியிருந்த கடைசி பாக்கெட் மட்டும் வர மறுத்தது. வெண்மதி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். வந்தபோது ஒரு மூலை சுவரிலேயே தங்கிவிட்டது.

"போச்சி, இது கிழிஞ்சிருச்சி," என்றாள்.

"இந்த ஒண்ணுதான?" என்றேன்.

"ஒண்ணுதான்."

அப்பா கன்னத்தைக் கொண்டுபோய் ஓட்டைக்கு நேரே வைத்தார். பிறகு குனிந்து கீழ்க் கதவைத் திறந்து அங்கேயும் கன்னத்தை வைத்தார். மாவு வழிந்த தட்டுக்கு மேலே தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தார்.

"காத்து வருதுடா சேரா!" என்று உள்ளிருந்தே கத்தினார். "கீழ எறங்குது!"

கிழிந்த பாக்கெட்டைத் திரும்ப வைக்க முடியாது. வெண்மதி அதை இளக்கிப் பாலாடையில் ஊற்றினாள். சற்று முன்தான் குடித்திருந்தாலும் பாப்பா அதையும் சப்புக்கொட்டிக் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"யம்மா வெண்மதி," என்றார் அப்பா, பாப்பாவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "இனிமே அவன் எதுனா எழுதுனா உங்கிட்ட காட்டிட்டுத்தான் செய்வன். அவனுக்குத் தமிழு சரியா வரமாட்டங்குது. அங்க போயி மறந்துட்டான்."

வெண்மதி போனைக் கையில் எடுத்தாள். அவள் விரல் நுனிகள் சிவந்து சுருங்கியிருந்தன.

"வெண்மதி, அப்ப நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நாளைக்கு என்னா நாளைக்கு? காலையில ரயிலப் புடிக்கணும். அரை நாள் லீவு போட்டதுக்கு எல்லா சாம்பிளும் எந்தலையிலதான் கட்டியிருப்பாங்க. இந்த மாவக் கழுவணும், புதுசா ஊற வக்கணும், பாப்பா துணியெல்லாம் கெடக்கு. போன வய்யுங்க மாமா."

வைத்துவிட்டாள்.